கொக்குகள் காத்த தெரு

எம்.எஸ்ஸி. கடைசிப் பருவத்துக்கான ஆய்வுத் தலைப்புகளைக் கொடுத்த அன்று, நான் பிச்சாவரத்துக்கு வரும் வலசைப் பறவைகளைக் கேட்டிருந்தேன். அலையாத்திக் காடு, படகு, கழுத்தில் பைனாகுலர், வாட்ஸ்அப்பில் வைக்க ஒரு படம். விலங்கியல் படிக்கிறேன் என்றால் தவளை அறுக்கிறவள் என்று மட்டும் புரிந்துகொள்ளும் உறவினர்களுக்கு நடுவில் அந்தப் படம் எனக்குத் தேவையாக இருந்தது.

எங்கள் ஆய்வு வழிகாட்டியை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். சிதம்பரத்தில் தன் அறையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“உனக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“ஊரு எது?”

“கடலூர் சார். திருப்பாப்புலியூர்.”

“அப்ப கொக்கு எடுத்துக்க.”

பிச்சாவரம் வகுப்பிலிருந்த ஒரு பையனுக்குப் போனது. அவனுக்கும் நீச்சல் தெரியாது. ஆனால் பைக் இருந்தது.

தலைப்பை சாரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். ‘நகர்ப்புறக் கொக்குக் குடியிருப்புகளும் மக்களின் பாதுகாப்பு மனப்பான்மையும்.’ ஊருக்கு நடுவில் ஒரு மரத்தில் கொக்குகள் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன என்றால் அங்குள்ள மக்கள் அவற்றை நேசிக்கிறார்கள் என்று பொருள். அதை நான் நிரூபிக்க வேண்டும். அப்படி இல்லையென்று தெரிந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“ஏன் தெரியப்போவுது? முடிவுரைய நான் எழுதி வெச்சிட்டேன். நீ போயி டேட்டா மட்டும் எடுத்துட்டு வா.”

இப்படித்தான் நான் கடலூர் முதுநகருக்குப் போனேன். ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்னத் தெரு. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். நடுவில், தெருவின் பாதி அகலத்துக்குக் கிளை பரப்பிய ஒரு தூங்குமூஞ்சி மரம். ஐப்பசி மழை தொடங்கியதும் கொக்குகள் அதில் கூடு கட்டத் தொடங்கிவிடும் என்றார்கள். நான் போனபோது மார்கழி. உண்ணிக்கொக்கு, மடையான், இராக்கொக்கான வக்கா எல்லாம் குடும்பம் குடும்பமாக இருந்தன. மரம் முழுக்கக் குஞ்சுகளின் கத்தல். கீழே தெரு வெள்ளையடித்த மாதிரி இருந்தது. அந்தத் தெருக்காரர்கள் வெயிலிலும் குடை பிடித்து நடந்தார்கள். முதல் நாள் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அன்று மாலையே ஒரு குடை வாங்கினேன்.

மரத்துக்கு நேரெதிர் வீட்டில் ஓர் அக்கா ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். வாசலை ஒட்டிய கூடத்தில் ஜன்னலோரம் தையல் மிஷின். நான் தெருவில் நின்று பைனாகுலரைத் தூக்கியதும் அவர்தான் முதலில் வெளியே வந்தார்.

“யம்மா, மாடியில துணி காயுது. அதை இன்னாத்துக்குக் கண்ணாடி வெச்சிப் பாக்குற?”

கொக்கைப் பார்க்கிறேன் என்றேன். கொக்கைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு, அதுதான் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறதே என்றார்.  கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொள், தலை நனையாது என்றார். அன்றிலிருந்து அந்தக் கூடம்தான் என் ஆய்வுக்களம்.

தெருவில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர் மரத்தடி வீட்டு மாமா. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெரு முழுக்க அவரை மாமா என்றுதான் கூப்பிட்டது, அவரைவிட மூத்தவர்கள் உட்பட. மனு எழுதுவது அவருக்குப் பொழுதுபோக்கு. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் தவறாகப் புரிந்துகொண்டேன்.

“வாங்க மேடம். எத்தினி மனு போட்டதுக்கு இப்பத்தான் ஆள் அனுப்பியிருக்காங்க. எப்ப புடிச்சிக்கினு போவீங்க?”

“எதை சார்?”

“கொக்குங்களத்தான்.”

நான் மாணவி என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. அடையாள அட்டையைக் காட்டியதும் நம்பினார். மேடம் பாப்பா ஆனது, மரியாதையும் கொஞ்சம் குறைந்தது. தன் மனுக்களின் வரலாற்றைச் சொன்னார். ஓர் அலுவலகத்தில், மரம் எங்களுடையது, பறவை எங்களுடையது இல்லை என்றார்களாம். இன்னோர் அலுவலகத்தில், பறவை எங்களுடையது, மரத்தில் நாங்கள் கை வைக்க முடியாது என்றார்களாம்.

“எச்சம் யாருதுன்னு கேட்டேன். அதுக்கு மட்டும் எவனும் வாயத் தொறக்கல.”

ஒருநாள் சாரிடம் போனில், “மரத்துல மடையான்தான் ஜாஸ்தி சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மாமா பின்னால் நிற்கிறார். “யாரச் சொல்ற?” என்றார். அது ஒரு கொக்கின் பெயர் என்று படம் காட்டிப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது.

அடுத்து, சார் தயாரித்துக் கொடுத்த கேள்வித்தாள். முதல் கேள்வி, உங்களுக்குப் பறவைகளைப் பிடிக்குமா? மூன்று விடைகள்: மிகவும் பிடிக்கும், பிடிக்கும், கருத்து இல்லை. பிடிக்காது என்று ஒன்று வேண்டாமா சார் என்று கேட்டிருந்தேன். மக்களிடம் எதிர்மறையாகக் கேட்கக் கூடாது, மனசு புண்படும் என்று சொல்லிவிட்டார்.

வீடு வீடாகப் போனேன். ஒருவர் விடாமல் ‘மிகவும் பிடிக்கும்’ என்பதில் டிக் அடித்தார்கள். அடித்துவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது உண்மையைச் சொன்னார்கள். அதை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

“புடிக்கும்மா, ஏன் புடிக்காது?” என்றார் தையல் அக்கா. “சிதம்பரத்துல இருந்துச்சின்னா இன்னும் ரொம்பப் புடிக்கும்.”

மாமா தாளை இரண்டு முறை படித்தார். “இதுல நான் நெனைக்கிறது இல்லியே.”

“உங்களுக்கு எது கிட்டக்க வருதோ அதை அடிங்க மாமா.”

அவரும் ‘மிகவும் பிடிக்கும்’ என்பதில் அடித்தார். சர்க்கார் காகிதத்தில் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை என்றார். இது சர்க்கார் காகிதம் இல்லை என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

தை பிறந்ததும் மாமா வீட்டில் கல்யாணம். ஒரே பெண். வரவேற்புக்குத் தெருவில் பந்தல் போடுவதாக ஏற்பாடு. சம்பந்தி வீடு விழுப்புரத்தில் வசதியான வீடாம். மாப்பிள்ளை வீட்டாரின் தலையில் கொக்கு எச்சம் விழுந்தால் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள் என்று மாமாவுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு காலையில் நான் போனபோது இரண்டு பேர் அரிவாளோடு மரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“மாமா, குஞ்சு இருக்குது. இப்ப வெட்டக் கூடாது. சட்டப்படி தப்பு.”

“மரத்தையா வெட்டுறேன்? கிளையத்தான. முடி வெட்டுற மாதிரி.”

சாருக்குப் போன் செய்தேன். கூடு இருக்கும்போது கிளையைத் தொடவே கூடாது என்று அவரும் கோபப்பட்டார். நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள் என்றேன்.

“இன்னிக்கி எப்படிம்மா வர முடியும்? எனக்கு செமினார் இருக்கே.”

பறவைப் பாதுகாப்பில் சமூகப் பங்கேற்பு என்பது செமினாரின் தலைப்பு. வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. “ஒண்ணு பண்ணு. வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, வெட்டின பின்னாடி ஒரு போட்டோ எடுத்து வெய்யி. நல்ல பேப்பர் ஆவும்” என்றார்.

நான் போட்டோ எடுக்கவில்லை. மரத்தடியில் போய் நின்றேன். நான் நின்றால் வெட்ட மாட்டார்கள் என்று நினைத்தேன். மேலே இருந்தவர், “ஓரமாப் போம்மா, மேல வுழும்” என்று பொறுமையாகச் சொன்னார். தையல் அக்கா வந்து என் கையைப் பிடித்து இழுத்துப்போனார்.

முதல் கிளை விழுந்தபோது பெரிய பறவைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி மேலே சுற்றின. கூடுகள் என்று நான் இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தவை வெறும் சுள்ளிகளாகத் தரையில் கிடந்தன. குஞ்சுகள் அங்கங்கே. சில அசையவில்லை. சில கழுத்தை நீட்டி, என் விரலையே இரை என்று நினைத்துக் கொத்தின. எனக்கு அழுகை வந்தது. ஆய்வு மாணவி அழக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை என்றாலும் கூச்சமாக இருந்தது. அக்கா உள்ளே போனார். ரவிக்கைத் துணி வந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, வெட்டி மிஞ்சிய துணிகளைப் பரப்பி, உயிரோடு இருந்ததையெல்லாம் பொறுக்கி அதில் வைத்தார். வனத்துறைக்குப் போன் செய்தேன். ஒருவர் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, மாமாவைக் கண்டித்துவிட்டுப் போனார். மாமா அவருக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுத்தார்.

இரண்டொரு நாள் பறவைகள் மிச்சக் கிளைகளில் வந்து உட்கார்ந்து பார்த்தன. பிறகு வரவில்லை. தெருவைக் கழுவிக் கோலம் போட்டார்கள். வரவேற்பு நன்றாக நடந்தது. எனக்கும் சாப்பாடு போட்டார்கள். நான் சாப்பிட்டேன். பந்தியில் என்னை சம்பந்திக்கு அறிமுகப்படுத்தும்போது, “நம்ம தெரு மரத்தை ஆராய்ச்சி பண்ற பொண்ணு. அவ்ளோ விசேஷமான மரம்” என்றார் மாமா.

பறவை இல்லாமல் பறவை ஆய்வை எப்படி முடிப்பது என்று சாரைக் கேட்டேன். மக்கள் மனப்பான்மை இருக்கிறதே, அதை எழுது என்றார். அதனால் நான் அந்தத் தெருவுக்குப் போவதை நிறுத்தவில்லை. இல்லாவிட்டால் அடுத்து நடந்ததைப் பார்த்திருக்க மாட்டேன்.

ரயிலில் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. அவர்களில் யாரோ ஒருவர் இந்தத் தெருவை எட்டிப் பார்த்திருக்கிறார். மிச்சக் கிளைகளின் நிழல், சுத்தமான தரை, கேட்க ஆள் இல்லை. முதலில் ஒரு பைக் வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. கல்யாணத் தோரணம் காய்வதற்குள் மரத்தடி முழுக்க வண்டிகள். காலையில் விட்டுப் போனால் இருட்டிய பிறகுதான் எடுப்பார்கள். பிறகு ஷேர் ஆட்டோக்கள் வந்து, வெயில் தாழும் வரை நின்றன. கடைசியாக ஒரு லோடு வேன் மாமா வீட்டு கேட்டை மறித்து நின்றது. அது அங்கிருந்து நகர்ந்து நான் பார்க்கவில்லை.

மாமாவின் ஸ்கூட்டர் உள்ளே மாட்டிக்கொண்டது. வேன்காரரைப் பிடித்து, இது என் வீட்டு வாசல் என்றார்.

“வாசல் உள்ள இருக்குது மாமா. இது ரோடு. ரோடு பொது” என்றார் வேன்காரர். அவரும் மாமா என்றுதான் கூப்பிட்டார்.

மாமா மனு எழுதினார். ஓர் அலுவலகத்தில், ரோடு எங்களுடையது, வண்டி எங்களுடையது இல்லை என்றார்களாம். அடுத்த அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்பதை அவர் என்னிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்.

காரணத்தை முதலில் சொன்னது அக்காதான். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்.

“கொக்கு இருந்தப்ப ஒரு பய இங்க வண்டிய நிறுத்தல. பார்த்தியா?”

மரத்தடியில் நின்றிருந்த மாமா அப்படியே மேலே பார்த்தார். அவர் அந்த மரத்தைக் கோபமில்லாமல் பார்த்ததை நான் கண்டது அன்றுதான்.

அடுத்த நாள் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு காபி கொடுத்தார். தெருக்காரர்கள் சிலரும் இருந்தார்கள்.

“பாப்பா, நீ படிச்சவ. அதுங்க திரும்பி வர்றதுக்கு எதுனா வழி இருக்குதா?”

“கிளை தழைக்கணும் மாமா. அடுத்த மழைக்கு ஒருவேளை வரும்.”

“அடுத்த மழையா? அதுவரைக்கும் நான் எப்படி வெளிய போறது?”

பல யோசனைகள் வந்தன. மீன் வாங்கி மரத்தில் கட்டலாம் என்றார் ஒருவர். பூனைகள் வரும் என்று அதைக் கைவிட்டார்கள். கொக்கு பொம்மை வைக்கலாம் என்றார் இன்னொருவர். கடையில் அன்னம்தான் கிடைத்தது. கடைசியில் அக்காவின் வீட்டுக்காரர், இதுவரை என் முன்னால் வாயே திறக்காதவர், ஒன்று சொன்னார். மறுநாள் விடிந்ததும் ஒரு வாளி சுண்ணாம்பைக் கரைத்து, துடைப்பத்தால் மரத்தடி முழுக்கத் தெளித்துவிட்டார். கொக்குகளே செய்திருந்தாலும் அவ்வளவு நேர்த்தியாக வந்திருக்காது.

அன்று காலை வந்தவர்கள் தரையைப் பார்த்துத் தயங்கினார்கள். சிலர் திரும்பிப் போனார்கள். தெருக்காரர்கள் ஜன்னல்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்தன்றுகூட மாமாவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்க்கவில்லை. ஆனால் வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர் தரையைப் பார்த்தார், மேலே பார்த்தார், மறுபடி தரையைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்திப் பூட்டினார். வாரம் முடிவதற்குள் டயர்கள் சுண்ணாம்பையெல்லாம் ரயில் நிலையம் வரைக்கும் இழுத்துப் போயிருந்தன.

ஆய்வேட்டை முடிக்கிற நேரத்தில் மாமா என்னைத் தேடி அக்கா வீட்டுக்கு வந்தார்.

“அன்னிக்கி ஒரு காயிதம் குடுத்தியே, அதை மறுபடியும் குடு. நான் சரியா பதில் சொல்லல.”

கொடுத்தேன். மூக்குக் கண்ணாடி போட்டு, கவனமாகப் படித்து, ‘மிகவும் பிடிக்கும்’ என்பதில் அழுத்தி அடித்தார். மற்ற வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். அவர்களும் அதையே அடித்தார்கள். முன்பு வாங்கியவற்றையும் இப்போது வாங்கியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. குஞ்சுகள் கீழே விழுந்ததோ, லோடு வேன் வந்ததோ, மாமா மனம் மாறியதோ எதுவும் அந்தத் தாள்களில் பதிவாகவில்லை. சாருக்கு மட்டும் பரம திருப்தி. “பார்த்தியா, மனப்பான்மை மாறவே இல்ல. ஸ்திரமா இருக்கு” என்றார்.

நான் ஒரு பிடிவாதத்தில் உண்மையை எழுதினேன். கொக்குகள் இருந்தவரை வெளியாட்கள் வண்டி நிறுத்தவில்லை. அது தெரிந்த பிறகுதான் மக்கள் அவற்றை விரும்பத் தொடங்கினார்கள். சார் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

“பார்க்கிங்குங்கிற வார்த்தை ஆராய்ச்சியில வரக் கூடாதும்மா. அசிங்கமா இருக்கு.”

அது இருந்த இடத்திலெல்லாம் ‘சமூகப் பொருளாதார இணைப்பயன்’ என்று மாற்றினார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். என் ஆய்வேட்டைப் புரட்டி, அந்த வார்த்தையில் விரலை வைத்தார்.

“இணைப்பயன்னா என்னம்மா?”

சாரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

“பார்க்கிங் சார்” என்றேன்.

நடந்ததை முழுக்கச் சொல்லச் சொன்னார். சொன்னேன். சுண்ணாம்புக் கட்டம் வந்தபோது கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி, அந்தத் தெரு ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான். அவருக்கும் கடலூரில் மச்சான் ஒருவர் இருக்கிறாராம், தினமும் வண்டி நிறுத்த இடமில்லாமல் அவதிப்படுகிறாராம். முதல் வகுப்பு கொடுத்தார்.

படிப்பு முடிந்து கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தார். “ரெண்டு வக்கா வந்து உக்காந்திருக்குது. மாமா யாரையும் சத்தமாப் பேச வுட மாட்டேங்குறாரு.”

கிளைகள் தழைத்திருந்தன. கார்த்திகைக்குள் உண்ணிக்கொக்குகள் சுள்ளி தூக்கிவரத் தொடங்கின. ஒவ்வொரு வண்டியாகத் தெருவை விட்டுக் கழன்றது. லோடு வேன்தான் கடைசி. அதன் முன்கண்ணாடியில் எச்சம் படிந்து வழி தெரியாத அளவுக்கு ஆன பிறகு ஒருநாள் அதுவும் போனது.

மார்கழியில் சார் அந்தத் தெருவிலேயே ஒரு பாராட்டு விழா நடத்தினார். மக்கள் பங்கேற்புக்கு எடுத்துக்காட்டான தெரு என்று பேனர் கட்டியிருந்தது. சார் காரில் வந்து இறங்கி, வண்டியை எங்கே விடுவது என்று கேட்டார்.

“இங்க வுட முடியாது சார்” என்றார் மாமா, மிகுந்த பெருமையோடு.

மாமாவுக்குப் பொன்னாடை போர்த்தி, பறவைகளின் காவலர் என்று ஒரு பட்டமும் கொடுத்தார்கள். மாமா மைக்கைப் பிடித்து, சின்ன வயதிலிருந்தே தனக்குப் பறவை என்றால் உயிர் என்றார்.  அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் அவர் அதை முழுக்க நம்பினார். அட்டைப்பெட்டியில் என் விரலைக் கொத்திய குஞ்சு நினைவுக்கு வந்தது. எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. மேலே குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. அவர் பேசியதில் பாதி யார் காதிலும் விழவில்லை.

விழா முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் தையல் மிஷின் இல்லை. புதுக்கிளைகள் அவர் வீட்டுப் பக்கமாகத்தான் வளர்ந்திருந்தன. கூடுகளில் பாதி அந்த ஜன்னலுக்கு நேர் மேலே. மிஷினை உள் அறைக்கு மாற்றி, பகலிலும் விளக்குப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்.

“கஷ்டமா இல்லியா அக்கா?”

“கஷ்டந்தான். துணியெல்லாம் நாறுது.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “அதுக்குன்னு இன்னா பண்றது? இந்தப் பக்கத்துது இப்பத்தான் முட்டை வெச்சிருக்குது. பொரியட்டும்.”

பிறகு, பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போடுகிறார்களா, நான்தான் கட்டிக்கொண்டு போகிறேனா என்று விசாரித்தார்.